முதலில் யாரைப் பார்ப்பது? முன்னுரிமைக் கேள்விக்கு எந்த அளவுகோல்

நான்கு பேர். டியூட்டி மாறி, ரிப்போர்ட் வாங்கியாகிவிட்டது. யாரிடம் முதலில் போவீர்கள்?

முதல் கட்டிலில் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர். ஆக்சிஜன் அளவு 90 சதவீதம், சளியோடு இருமல், உதட்டைக் குவித்து மூச்சு விடுகிறார். இரண்டாவதில் இதயச் செயலிழப்பு உள்ளவர். கணுக்காலில் வீக்கம், எடை நேற்று இருந்த அதே எடை. மூன்றாவதில் தொடை எலும்பு முறிந்து வந்து இரண்டு நாளான இளைஞர். காலையிலிருந்து நிலைகொள்ளாமல் புரள்கிறார், இது எந்த இடம் என்று கேட்கிறார். நான்காவதில் சர்க்கரை நோயாளி. சர்க்கரை 210, இன்சுலின் போட நேரமாகிவிட்டது.

செவிலியர் உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் பாதிப் பேர் முதல் கட்டிலுக்குத்தான் ஓடுவார்கள். ‘மூச்சுதானே முதல்?’ என்பார்கள். நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் ஓடினேன். விடை மூன்றாவது கட்டில். தொடை போன்ற நீண்ட எலும்பு முறிந்தால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் எலும்பு மஜ்ஜையின் கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் அடைக்கலாம். அதன் முதல் அறிகுறி பல நேரம் மூச்சுத் திணறலாகக்கூட இருக்காது, இப்படித் திடீரென்று வரும் குழப்பமாகத்தான் இருக்கும். நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் வரும் என்று புத்தகம் சொல்லும். அவை வரும்வரை காத்திருந்தால் தாமதம்.

முன்னுரிமைக் கேள்விக்கென்று மாணவர்கள் கையில் நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன: மூச்சுப்பாதையில் தொடங்கும் ஏபிசி வரிசை, உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிகள், மதிப்பீட்டில் தொடங்கும் செவிலியச் செயல்முறை, ‘நிலையாக இருக்கிறாரா, தடுமாறுகிறாரா’ என்ற பார்வை. நான்கையும் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பார்கள். எதை எப்போது எடுப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பிரித்துச் சொல்வதில்லை. அதனால் மாணவர் தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கேள்வியையும் அதாலேயே அளக்கிறார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எந்த நோயாளி’ என்று கேட்டால் நிலைத்தன்மைதான் முதல் அளவுகோல். ‘என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் செவிலியச் செயல்முறை. ஏபிசி இந்த இரண்டுக்கும் பிறகு வர வேண்டியது. மாஸ்லோ எப்போதாவது உதவிக்கு வருபவர்.

ஏபிசியிலிருந்து தொடங்கலாம். அதைத்தான் எல்லோரும் அதிகம் நம்புகிறார்கள். ஏ என்றால் மூச்சுப்பாதை, பி சுவாசம், சி இரத்த ஓட்டம். உயிர் போகிற வரிசை அதுதான் என்பதால் அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. முகத்தில் தீக்காயம் பட்டவர், மூக்குமுடி கருகியிருக்கிறது, குரல் கம்முகிறது, எச்சிலில் கரி என்று கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டாம். தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டிருக்கிறது. காலில் 20 சதவீதம் வெந்தவர் பக்கத்துக் கட்டிலில் வலியில் கத்தினாலும், சத்தமில்லாத இவரிடம்தான் முதலில் போக வேண்டும். தைராய்டு அறுவை முடிந்து வந்தவர் மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்டாலும் அப்படித்தான். அவர் கட்டிலருகே டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது) சாமான் தயாராக வைத்திருப்பதே இதற்காகத்தான்.

ஏபிசி சறுக்குவது எங்கே என்றால், மாணவர் ஆபத்தைப் பார்க்காமல் உறுப்பின் பெயரைப் பார்க்கும்போது. ‘நுரையீரல்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் பி என்று டிக் அடித்துவிடுகிறார். சிஓபிடி உள்ளவருக்கு நாம் எதிர்பார்க்கும் ஆக்சிஜன் அளவே 88 முதல் 92 சதவீதம்தான். 90 என்பது அவருடைய நல்ல நாள். அவரை முதலில் பார்க்கப் போனால், வழக்கம்போல் இருக்கும் மனிதரைத் தொந்தரவு செய்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

இன்னொரு சறுக்கல், விடைகளில் ‘ஆக்சிஜன் கொடுங்கள்’ என்று ஒன்று இருந்தால் உடனே அதைப் பிடித்துக்கொள்வது. இரத்தம் ஏற ஆரம்பித்துப் பத்து நிமிடம். நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சு வாங்குகிறது. இங்கே முதல் வேலை இரத்தத்தை நிறுத்துவது. ஒவ்வொரு துளியும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது மாஸ்க்கைத் தேடுவதில் அர்த்தமில்லை. நிறுத்தி, புதிய குழாய் மாட்டி, நார்மல் சலைனால் நரம்பைத் திறந்து வைத்து, அப்புறம் மற்றவை.

ஏபிசி என்ற வரிசையேகூட எல்லா இடத்திலும் அதே வரிசை அல்ல. பெரியவர் ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார், நாடி இல்லை என்றால் 2010 முதல் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல் சிஏபி என்று மாறிவிட்டது. முதலில் மார்பை அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பழைய நோட்ஸை வைத்துப் படிப்பவர்கள் இன்னமும் வாயைத் திறந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நிலைத்தன்மைக்கு வருவோம். இது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இந்த நோய்க்கு, இந்த நாளில், இது எதிர்பார்த்ததா? எதிர்பார்த்தது என்றால் காத்திருக்கலாம். எதிர்பாராதது, புதியது, திடீரென்று வந்தது, மோசமாகிக்கொண்டே போவது என்றால் அவர்தான் முதல். நிமோனியாக்காரருக்கு நுரையீரலில் கரகரப்பு கேட்கத்தான் செய்யும். மூளைக்காய்ச்சல் வந்தவருக்குக் கழுத்து விறைப்பாகத்தான் இருக்கும். தலையில் அடிபட்டவர் ஒரு மணி நேரம் முன்பு தெளிவாகப் பேசிவிட்டு இப்போது எழுப்பினால் முனகுகிறார் என்றால் கதை வேறு. மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது முதலில் மாறுவது விழிப்புநிலைதான். இரத்த அழுத்தம் ஏறி, நாடி இறங்கி, மூச்சு தாறுமாறாவது கடைசியில் வருவது. அந்த மூன்றும் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது.

இந்த அளவுகோலின் குறை அதன் விலைதான். ஏபிசியை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். இதற்குப் பாடம் தெரிய வேண்டும். ‘எதிர்பார்த்தது’ எது என்று தெரியாதவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் மாணவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள், அதே காரணத்தால் தேர்வு வைப்பவர்களுக்கு இது பிடித்திருக்கிறது.

நான் செய்தது இது: ஒரு நீள நோட்டில் நடுவே கோடு. இடது பக்கம் ‘இருக்கட்டும்’, வலது பக்கம் ‘ஓடு’. ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வொரு அறுவைக்கும் இரண்டு பக்கமும் நிரப்ப வேண்டும். புராஸ்டேட் அறுவைக்கு அடுத்த நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது இடது, கெட்டியாக, பளீரென்ற சிவப்பில் கட்டி கட்டியாக வருவது வலது. லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்தவருக்குத் தோள்பட்டை வலிப்பது இடது, ஏனென்றால் வயிற்றில் ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. வயிறு பலகை மாதிரி இறுகினால் வலது. மார்பிலிருந்து காற்றையும் நீரையும் வெளியேற்றும் குழாயின் வாட்டர் சீல் எனப்படும் தண்ணீர் அறையில் மூச்சோடு சேர்ந்து தண்ணீர் ஏறி இறங்குவது இடது, விடாமல் குமிழி வந்துகொண்டே இருப்பது வலது, எங்கோ காற்று கசிகிறது. ஸ்டோமா, அதாவது குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்ட வாய், ஈரமாகச் சிவந்திருந்தால் இடது, கருத்துப்போனால் வலது. பிறந்த குழந்தையின் கைகால் முதல் நாள் நீலம் பாய்ந்திருந்தால் இடது, உதடும் நாக்கும் நீலமானால் வலது. மஞ்சள் காமாலை இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டினால் பெரும்பாலும் இடது, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே வந்தால் வலது.

இந்த நோட்டில் அதிக இடம் எடுத்துக்கொண்டது வலி. வலி இடது பக்கமா வலது பக்கமா? அறுவைக்குப் பிறகு வலி இருக்கும், அது இடது. பல கேள்விகளில் வலி உள்ளவர் நம்மைத் திசை திருப்பவே வைக்கப்பட்டிருப்பார். ஆனால் காலில் மாவுக்கட்டு போட்டவருக்கு மார்ஃபின் கொடுத்தும் வலி அடங்கவில்லை, கால்விரலை நாம் லேசாக நிமிர்த்தினாலே அலறுகிறார் என்றால், தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நெரிபடுகிறது. சில மணி நேரத்தில் கால் போய்விடும். இதில் விரலுக்கு நாடி இன்னும் கிடைக்கிறது என்று நிம்மதி அடைபவர்கள் தோற்றுப்போவார்கள், நாடி மறைவது கடைசிக் கட்டம். ஆகவே எவ்வளவு வலி என்று பார்ப்பதைவிட, இந்த நோய்க்கு இந்த வலி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆய்வக எண்களுக்கும் இதே நோட்டுதான். பொட்டாசியம் 3.4 என்றால் குறைவுதான், சொல்ல வேண்டும், ஆனால் ஓட வேண்டாம். 6.8 என்றால் இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பலாம், இசிஜியில் டி அலை கூராக எழும்பியிருக்கும். ஆனால் அதே 3.4 இதய மருந்தான டிஜாக்சின் சாப்பிடுபவருக்கு வந்தால் அது கொஞ்சம் வலது பக்கம் நகர்கிறது. பொட்டாசியம் குறையக் குறைய டிஜாக்சின் நஞ்சாக மாறுவது எளிதாகிறது. எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்தவருக்கு இது பிடிபடாது.

மாஸ்லோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1943இல் அவர் எழுதியது மனித உந்துதலைப் பற்றிய கட்டுரை, வார்டில் நான்கு கட்டிலை வரிசைப்படுத்துவதற்காக எழுதியது அல்ல. உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னிறைவு என்ற வரிசை. விடைகளில் ஒன்று உடல் சார்ந்தது, மற்றவை மனம் சார்ந்தவை என்றால் இது கைகொடுக்கும். மேனியா எனப்படும் அளவுமீறிய மனக்கிளர்ச்சி நிலையில் மூன்று நாளாகத் தூங்காமல் உட்காராமல் நடந்துகொண்டே இருப்பவருக்கு முதலில் தர வேண்டியது ஆலோசனை அல்ல, நடந்தபடியே கையில் வைத்துச் சாப்பிடக்கூடிய சத்தான உணவு. ஆனால் நான்கு பேருக்கும் உடல் பிரச்சினை என்றால் மாஸ்லோ கையை விரித்துவிடுவார். அப்புறம் ஒரு பொறி: தற்கொலை எண்ணம் இருக்கிறது, எப்படி என்ற திட்டமும் வைத்திருக்கிறார் என்று ஒரு நோயாளி வந்தால் அதை ‘மனம் சார்ந்தது’ என்று கடைசியில் தள்ளிவிடாதீர்கள். அது உயிர் ஆபத்து. அவரைத் தனியாக விடக்கூடாது.

அடுத்து செவிலியச் செயல்முறை. மதிப்பிடு, பிரச்சினையைக் கண்டறி, திட்டமிடு, செய், பலன் பார் என்ற ஐந்து படி. ‘செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்விகளுக்கு இதை மிஞ்சிய அளவுகோல் கிடையாது. சர்க்கரை நோயாளிக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நல்ல நினைவோடு பேசுகிறார் என்று மட்டும் சொன்னால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். கேள்வியிலேயே 54 என்று கொடுத்துவிட்டால்? மதிப்பீடு முடிந்தது. இனி 15 கிராம் மாவுச்சத்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரே நோயாளி, ஒரே பிரச்சினை, கேள்வியில் ஒரு எண் இருப்பதும் இல்லாததும் விடையை மாற்றிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் ‘மதிப்பீடுதான் எப்போதும் முதல்’ என்று சூத்திரமாகப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாவது கேள்வியிலும் மீட்டரைத் தேடுவார்கள்.

பிரசவ வார்டில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம், தாயின் பேட் முழுக்க நனைந்திருக்கிறது. வயிற்றில் கை வைத்தால் கருப்பை பந்து மாதிரி இறுகாமல் கொழகொழவென்று இருக்கிறது. விடைகள்: பிபி பார், மருத்துவரைக் கூப்பிடு, கருப்பையைத் தேய்த்துவிடு, ஐவி வேகத்தைக் கூட்டு. வரிசைப்படி பிபி என்பது மதிப்பீடுதான். ஆனால் கை வைத்துப் பார்த்ததே மதிப்பீடு. தளர்ந்திருக்கிறது என்று கேள்வி சொல்லிவிட்டது. எடுத்த கையோடு ஒரு கையால் கருப்பையின் அடிப்பகுதியைத் தாங்கி, இன்னொரு கையால் தேய்க்க வேண்டும். இறுகினால் இரத்தம் குறையும். கருப்பை வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பி அதைத் தள்ளுகிறது, சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே கேள்வியை இரண்டு முறை படிக்கலாம்.

மதிப்பீடே ஆபத்தாகும் இடங்களும் உண்டு. குழந்தைக்கு அதிகக் காய்ச்சல், எச்சில் ஒழுகுகிறது, முன்னால் சாய்ந்து கைகளை ஊன்றி உட்கார்ந்திருக்கிறது என்றால் குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்கப் போனால் பாதை முழுவதும் அடைபடலாம். முதுகுத் தண்டில் மார்பு ஆறாம் எலும்புக்கு மேலே அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பது மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, பிபி 210 என்றால் முதலில் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைக்க வேண்டும். கதீட்டர் மடங்கியிருக்கிறதா, மலம் அடைத்திருக்கிறதா என்று காரணம் தேடுவது அதற்கு அடுத்த வேலை.

‘மருத்துவருக்குத் தெரிவி’ என்ற விடை பற்றி ஒரு வார்த்தை. அது எப்போதும் தவறு என்று சொல்பவர்களும் உண்டு, பாதுகாப்பான விடை என்று சொல்பவர்களும் உண்டு. செவிலியர் கையால் செய்யக்கூடியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே நழுவி வந்துவிட்டால், கையுறை போட்ட விரல்களால் குழந்தையின் தலையைக் கொடியிலிருந்து தூக்கிப் பிடித்தபடியே குரல் கொடுத்து ஆளைக் கூப்பிட வேண்டும். கையை எடுத்துவிட்டுப் போன் செய்யப் போகக்கூடாது. டிஜாக்சின் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடி 52 என்றால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தெரிவிக்க வேண்டும். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி உத்தரவு வேண்டும் என்றால் அப்போது அது சரியான விடை.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளை இதோடு கலக்காதீர்கள். உதவியாளருக்கு யாரை ஒப்படைப்பது என்றால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ்: மிக நிலையானவர், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த வேலை. மதிப்பீடு, கற்பித்தல், முடிவெடுத்தல் ஆகியவை செவிலியர் கையிலேயே இருக்க வேண்டும்.

பேரிடர்க் கேள்வியும் அப்படித்தான் தலைகீழாகும். மூச்சுப்பாதையைத் திறந்த பிறகும் மூச்சு வராதவருக்கு காயம்பட்டவர்களை வரிசைப்படுத்தும் ஸ்டார்ட் என்ற முறைப்படி கறுப்பு அட்டை, அதாவது காப்பாற்ற முடியாதவர். வார்டாக இருந்தால் எல்லோரும் அவரிடம்தான் ஓடியிருப்போம். நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு விடுபவருக்குச் சிவப்பு, அவரை உடனே பார்க்க வேண்டும்; எழுந்து நடப்பவருக்குப் பச்சை, அவர் காத்திருக்கலாம். கேள்வியில் பேருந்து கவிழ்ந்தது, கட்டடம் இடிந்தது என்று வந்தால் ஏபிசியை மடித்து வைத்துவிடுங்கள்.

2023 ஏப்ரலிலிருந்து அமெரிக்க உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ் ஒரு நோயாளியின் கதையையே விரித்துக் கொடுத்து, எந்தத் தகவல் கவலைக்குரியது என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அந்தத் தேர்வு பின்பற்றும் முடிவெடுக்கும் முறையின் ஆறு படிகளில் முதல் படி குறிப்பைக் கவனிப்பது, இரண்டாவது அதை அலசுவது, மூன்றாவதில்தான் முன்னுரிமை. அதாவது அளவுகோலை எடுப்பதற்கு முன்பே இரண்டு படி போய்விடுகிறது. அந்த இரண்டு படிக்கும் நடுக்கோடு போட்ட நோட்டைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

இனி மூன்றாவது கட்டிலுக்கே திரும்புவோம். இப்போது கேள்வி மாறுகிறது: அந்த இளைஞரிடம் போய்விட்டீர்கள், மூச்சு எண்ணிக்கை 32, ஆக்சிஜன் அளவு 86, குழப்பம் அதிகமாகிறது. முதலில் என்ன? முழுமையான நரம்பியல் பரிசோதனை என்று ஒரு விடை, மருத்துவருக்குத் தெரிவி என்று ஒன்று, ஆக்சிஜன் கொடு என்று ஒன்று, நெஞ்சில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா பார் என்று ஒன்று. எண்கள் கையில் வந்துவிட்டன, மதிப்பீடு போதும். ஏபிசிக்கு வேலை வந்தது இப்போதுதான். ஆக்சிஜனைப் போட்டுவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றபடி ஆளைக் கூப்பிடுங்கள்.